வராத குண்டுக்கு வாளித் தண்ணீர்

உலக யுத்தம் இரண்டு நடந்தது. இரண்டிலும் எங்கள் கடற்கரையை எவனும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. இந்த மனக்குறையை எந்தச் சபையில் போய்ச் சொல்வது?

தூத்துக்குடியை ஒட்டிக் கிடக்கும் மாப்பிள்ளையூரணியில் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள், அண்ணாச்சி. கடல்மேல் நேர்கோடு இழுத்தால் கொழும்பு 300 கிலோமீட்டருக்குள். சென்னைக்கு இழுத்தால் 500க்கும் மேலே. 1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். மறுநாள் விசாகப்பட்டினத்தில் போட்டான். காக்கிநாடாவுக்குக்கூட ஒரு பங்கு கிடைத்தது. 9ஆம் தேதி திருகோணமலை. முத்துக் குளிக்கிற கடல், உப்பளம், பஞ்சாலை, துறைமுகம் என்று இவ்வளவு சொத்தையும் வெட்டவெளியில் பரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்த எங்களுக்கு ஒரு ஓலைப்பட்டாசுகூட இல்லை.

ஆனாலும் தமிழ்க் கடற்கரைக்கு ஒரு யுத்த வரலாறு உண்டு. அது ஆகாயத்தில் வந்தவனுடையது அல்ல, கீழே வாளியோடு நின்றவனுடையது. அந்தக் கதைகளை அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு வேடிக்கை புரியும். வாளிக்காரன் கிழக்கே பார்த்து நிற்பான். தீ மேற்கே பிடிக்கும். அவன் மேற்கே திரும்புவதற்குள் மழை பெய்து ஊரே மூழ்கிக் கிடக்கும். கடைசியில் பற்றவைத்தவன் பேருக்குக் கல்வெட்டு. அணைக்கப் போனவனுக்கு ராத்திரிச் சோறு ஆறிப்போனதுதான் மிச்சம்.

முதல் கதை 1914. செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை வாக்கில் ஜெர்மன்காரனின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் அதிகம் பேசாத, ஒழுங்கான மனுஷன். சண்டைக்கு முன் கப்பலாட்கள் அத்தனை பேரையும் குளித்துவிட்டுத் துவைத்த உடுப்பு உடுத்தச் சொல்லியிருக்கிறார். காயம் பட்டால் அழுக்குத் துணி சீழ் வைத்துவிடும் என்ற முன்யோசனை. ஒரு பட்டணத்தைக் கொளுத்த வந்தவன், மாப்பிள்ளை அழைப்புக்கு வருகிற லட்சணத்தில் வந்தான்.

பட்டணமும் வரவேற்பில் குறை வைக்கவில்லை. இங்கிலாந்து யுத்தத்தில் இறங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது. சென்னைக்கு அது இன்னும் பேப்பரில் படிக்கிற சமாசாரம். துறைமுக விளக்குகள் ஜகஜ்ஜோதியாக எரிந்தன. உயர் நீதிமன்றக் கோபுரத்தில் இருந்த கலங்கரை விளக்கம் வழக்கம்போல் சுழன்று சுழன்று, ‘இதுதான் சென்னை, இப்படி வாங்க’ என்றது. கவர்னர் பெண்ட்லண்ட் பிரபு ஊட்டியில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். கீழே ஊரே காயப்போகிற சேதி அவருக்கு இன்னும் எட்டவில்லை.

எம்டன் தன் தேடுவிளக்கைப் போட்டுப் பார்த்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் வெள்ளையாகப் பளிச்சென்று நின்றன. சுமார் 125 குண்டு சுட்டது. கரையிலிருந்த பீரங்கிகள் விழித்துக்கொண்டு பதிலுக்கு ஒன்பது குண்டு சுட்டன. ஒன்பதும் வங்காள விரிகுடாவைக் குறிதவறாமல் தாக்கின. கடலுக்குப் பெரிய சேதம் இல்லை.

அரை மணி நேரத்தில் சோலி முடிந்தது. போகிறபோதும் முல்லர் ஒரு தந்திரம் பண்ணினார். கரைக்குத் தெரிகிற பக்கத்து விளக்குகளை மட்டும் எரியவிட்டு வடக்கே போகிற பாவனை காட்டினார். பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் தெற்கே திரும்பினார். மூன்றே நாளில் கொழும்புக்கு எதிரே சரக்குக் கப்பல் பிடித்துக்கொண்டிருந்தார். இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகத் தெரிந்த மனுஷனுக்கு, இந்தப் பக்கம் தூத்துக்குடியை ஒரு எட்டு எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியபோது வெள்ளைக்காரன் எங்கள் துறைமுகத்துக்குக் கொடுத்த மரியாதையில் கால்வாசிகூட ஜெர்மன்காரன் கொடுக்கவில்லை.

இனி தீயணைப்புக்காரர் கதைக்கு வருவோம். சென்னை நகரத்துக்குத் தீயணைப்புப் படை ஏற்பட்டது 1908இல். எம்டன் வந்தபோது அதற்கு ஆறு வயது. ஒண்ணாம் கிளாஸில் சேர்க்கிற பருவம். அந்தப் பிள்ளையின் முன்னால் திடீரென்று லட்சக்கணக்கான கேலன் எண்ணெய் எரிந்துகொண்டு நிற்கிறது. எண்ணெய்த் தீயில் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்பதை வடை சுடுகிற எந்த வீட்டிலும் கேட்டுக்கொள்ளலாம். தண்ணீர் கனம், எண்ணெய் லேசு. தண்ணீர் அடியில் இறங்கி, அங்கே கொதித்து, ஆவியாகிப் பொங்கும்போது எரிகிற எண்ணெயையும் வெளியே அள்ளி வீசும். ஆகவே எண்ணெய்த் தொட்டி பற்றினால் தொட்டியை விட்டுவிட்டுப் பக்கத்துத் தொட்டியைக் குளிர்விக்க வேண்டும். எரிகிறதை எரியவிட்டு எரியாததைக் காப்பாற்றுவது. பார்க்கிற கூட்டத்துக்கு இது புரியாது. ‘எரியறது அங்கே, இவன் எங்கேவே தண்ணி அடிக்கான்?’ என்றுதான் கேட்கும். இன்றைக்கும் அதையேதான் கேட்கிறது.

எம்டன் கதை நமக்கு மனப்பாடம். உயர் நீதிமன்றச் சுவரில் அதற்குக் கல்வெட்டு இருக்கிறது. அந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளையும் வந்தார் என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறவர்கள் உண்டு. அவரோ அப்போது ஐரோப்பாவில் இருந்தார். வராத செண்பகராமனுக்குக் கதையில் இடம் கிடைத்துவிட்டது. வந்து நின்ற ஃபயர்காரனுக்கு, நான் கேட்ட எந்தக் கதையிலும் ஒரு வரி கிடையாது.

இரண்டாம் யுத்தத்துக்கு வருமுன் லண்டன் வழியாக ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். ஏனென்றால் 1942இல் நம் ஆட்களின் தலையில் கட்டப்பட்ட பாடமெல்லாம் அங்கே தயாரானது.

யுத்தம் வரும், ஆகாயத்திலிருந்து தீ விழும் என்று தெரிந்த லண்டன்காரர்கள் 1938 முதலே துணைத் தீயணைப்புப் படை என்று ஒன்றுக்கு ஆள் சேர்த்தார்கள். வண்டி போதவில்லை, டாக்ஸிகளைப் பிடித்து அவற்றின் பின்னால் பம்பைக் கட்டினார்கள். 1939 செப்டம்பரில் யுத்தம் வந்தது. குண்டு வரவில்லை. மாதம் ஒன்றாயிற்று, ஆறாயிற்று. பட்டாளத்துக்குப் போகப் பயந்து வாரம் மூன்று பவுன் சம்பளத்துக்குச் சீட்டாடுகிற கூட்டம் என்று ஊர் அவர்களை ஏசியது. வேலை வராத வேலைக்காரனைப் பார்த்தால் உலகம் முழுக்க ஒரே எரிச்சல்தான்.

1940 செப்டம்பர் 7ஆம் தேதி குண்டு விழத் தொடங்கியது. 57 ராத்திரி விடாமல் விழுந்தது. சீட்டாடிகள் ஒரே ராத்திரியில் வீரர்களானார்கள். அந்த டிசம்பர் 29ஆம் தேதி நடந்ததுதான் உச்சம். பழைய லண்டன் நகரம் முழுவதும் தீக்குண்டு. அன்றைக்கென்று தேம்ஸ் நதியில் நீர் வற்றிய நேரம். பம்பை இறக்கினால் சேறு வருகிறது. ஊருக்கு நடுவே ஆறு, ஆற்றில் தண்ணீர் இல்லை, சுற்றிலும் தீ. தாமிரபரணிக்காரர்களுக்கும் வைகைக்காரர்களுக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கப்புறம்தான் ஒரு சங்கதி அவர்களுக்கு உறைத்தது. ஊருக்கு ஊர் தீயணைப்புப் படை வேறு, ஊருக்கு ஊர் குழாய் மூட்டும் வேறு. உதவிக்கு ஓடிவந்த பக்கத்து ஊர் வண்டியின் ஹோஸ், இந்த ஊர்த் தண்ணீர்க் குழாயில் பொருந்தவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைகளை 1941 ஆகஸ்டில் ஒரே படையாகச் சேர்த்துக் கட்டினார்கள். சாம்ராஜ்யம் இரண்டு நூற்றாண்டாக உலகத்தையே ஒன்றாகக் கட்டி ஆண்டது. குழாய் மூட்டுகளை ஒரே அளவாக்க ஹிட்லர் வர வேண்டியிருந்தது.

இந்தப் பாடம் கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. கூடவே ஸ்டிரப் பம்பும் வந்தது. பார்த்திருக்க மாட்டீர்கள். வாளித் தண்ணீருக்குள் நிற்கிற பித்தளைக் குழல். அதோடு சேர்ந்த ஒரு கால் வாளிக்கு வெளியே இறங்கும். அதன் அடியில் குதிரைச் சேணத்து அங்கவடி மாதிரி ஒரு மிதி. அதில் காலை ஊன்றிக்கொண்டு மேலும் கீழும் அடிக்க வேண்டும். 30 அடி ரப்பர் குழாய் வழியே தண்ணீர் பீச்சும். இதற்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் அடிக்க, ஒருவர் குழாயைப் பிடித்துத் தவழ்ந்து போக, ஒருவர் வாளி நிரப்ப. மூன்றாமவர் வேலைதான் கஷ்டம். அதற்குத்தான் ஆள் கிடைக்காது.

தீக்குண்டு என்பது பெரிய குண்டு அல்ல. ஒரு கிலோ எடைக்கு மக்னீசியம். கூரையைத் துளைத்து உள்ளே விழுந்து கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சத்தோடு எரியும். அதன் தலையில் நேராகத் தண்ணீரை அடித்தால் சீறித் தெறிக்கும். மணலைப் போட்டு மூடி அள்ள வேண்டும், அல்லது தூவானமாகத் தண்ணீர் விட வேண்டும். லண்டன்காரன் இதற்காக வீட்டுப் பரணைக் காலி பண்ணி வைத்தான். நம்மூரில் பனையோலைக் குடிசை. பரணே கிடையாது, கூரையே விறகு. தீக்குண்டு விழுந்து, ‘மணல் எங்கே?’ என்று தேடி முடிப்பதற்குள் வீடே முடிந்திருக்கும். மணலுக்கு மட்டும் பஞ்சமில்லை என்பது எங்கள் கடற்கரைக்கு ஆறுதல்.

சென்னையில் ஏ.ஆர்.பி. என்ற விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கை வார்டன்கள் வீதிக்கு வீதி முளைத்தார்கள். விளக்குக்கு முக்காடு, கார் விளக்குக்குக் கறுப்பு முகமூடி, பூங்காவில் பதுங்குகுழி. அதற்குள் 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்துவிட்டது. அங்கே விமானச் சண்டையை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தவர்கள்தான் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த நம் ஆட்கள் இந்தக் கதையைச் சொன்னபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பிப்ரவரியில் சிங்கப்பூர் போயிற்று. மார்ச்சில் ரங்கூனும் போயிற்று, அந்தமானும் போயிற்று.

ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு. தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் உயிர்ப்புப் பெருவிழாக் கூட்டம். அதே காலையில் கடலுக்கு அந்தக் கரையில் கொழும்புத் துறைமுகத்தின்மேல் விமானங்கள். கொழும்புக்குத் தோணி விட்டுப் பிழைக்கிற ஊர் இது. அங்கே மாமன் மச்சான் இல்லாத தெரு இங்கே கிடையாது. ஆனால் பதறி ஓடியது தூத்துக்குடி அல்ல, சென்னை.

மறுநாள் விசாகப்பட்டினம். அதற்கும் மறுநாள் சென்னையில் அபாயச் சங்கு ஊதியது. அவ்வளவுதான். எழும்பூர் ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை. அவசியமில்லாதவர்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போகலாம் என்று அரசாங்கம் சொன்னது. அந்த வரையறைக்குள் யார் யார் வந்தார்கள் தெரியுமா? செக்ரடேரியட்டில் ஒரு பகுதி ஊட்டிக்கு ஏறியது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போயிற்று. மற்ற ஆபீஸ்கள் சித்தூர், மதனபள்ளி என்று திசைக்கொன்றாகச் சிதறின. சித்திரபானு வருஷம் பிறந்தபோது பட்டணத்தில் அவசியமானவர்களாக மிஞ்சியவர்கள் போலீஸ்காரர், துப்புரவுத் தொழிலாளி, தண்ணீர்க் குழாய் பார்க்கிறவர், ஃபயர்காரர். அரசாங்கத்தில் யார் அவசியம், யார் அவசியமில்லை என்ற கேள்விக்கு இவ்வளவு நேர்மையான பதில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

ஓடியவர்களில் பலர் திருநெல்வேலிச் சீமைக்கு ஓடிவந்தார்கள் என்பதை நான் குறிப்பாகச் சொல்ல வேண்டும். சென்னையில் அதுவரை ஒரு குண்டும் விழவில்லை. விழுந்தது கொழும்பில். கொழும்புக்குப் பயந்து கொழும்பை நோக்கி 600 கிலோமீட்டர் ரயிலில் வந்து, ‘அப்பாடா’ என்று திண்ணையில் உட்கார்ந்த சாமர்த்தியத்தை என்னவென்பது!

ஓட முடியாத ஜீவன்களும் இருந்தன. பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலையில் சிங்கம், புலி, சிறுத்தை. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் அவை தெருவுக்கு வந்துவிடுமே என்று யாருக்கோ யோசனை. மலபார் ஸ்பெஷல் போலீஸ் வந்து எல்லாவற்றையும் சுட்டுக் கொன்றது. ஜப்பானோடு நடந்த யுத்தத்தில் சென்னை நகர எல்லைக்குள் நேருக்கு நேர் வீழ்த்தப்பட்ட எதிரிகள் இவர்கள்தான்.

ஆள் காலியான அந்தப் பட்டணத்தில் ஃபயர்காரர் பாடு என்ன? பெரும்பாலும் காத்திருப்பது. காலையில் டிரில். ஏணியைத் தூக்கு, சாத்து, ஏறு, இறங்கு. ஹோஸை உருட்டு, விரி, மறுபடி உருட்டு. கான்வாஸ் ஹோஸ் இருக்கிறதே, அது மாமியாரைவிட உபசரிப்பு கேட்கும். நனைந்தால் கழுவ வேண்டும், உயரத்தில் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும், ஈரத்தோடு சுருட்டினால் பூசணம் பிடித்து உளுத்துவிடும், காய்ந்து கிடந்தால் எலி ருசி பார்க்கும். பித்தளைச் சாமானைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்க்க வேண்டும். வானத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது ஒரு குடிசை பற்றும். சித்திரை வெயிலில் ஓலைக்குடிசை பற்றுவதற்கு ஜப்பான் தேவையில்லை. அடுப்பும் காற்றும் போதும். ஆக, யுத்த காலத்தில் வேலை என்று நடந்ததெல்லாம் யுத்தத்துக்குச் சம்பந்தமில்லாத வேலை.

ஒரு வார்டன் ஸ்டிரப் பம்போடு மாப்பிள்ளையூரணிக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் அடிக்கடி கற்பனை செய்துகொள்வேன். தூத்துக்குடிக்குக் குழாய்த் தண்ணீர் வந்ததே 1927இல்தான். நகரசபைத் தலைவர் குரூஸ் பர்னாந்து வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவரும் வரை, இந்தக் கரையில் நல்ல தண்ணீர் என்பது நகைக்கு அடுத்த சொத்து. அதனால்தான் அந்த மனுஷனுக்குச் சிலை. அப்பேர்ப்பட்ட இடத்தில் வார்டன், ‘ஆச்சி, ரெண்டு கொடம் தண்ணி கொண்டாங்க, குண்டு விழுந்தா எப்படி அணைக்கிறதுன்னு காட்டுதேன்’ என்கிறார்.

‘எய்யா, இப்ப எங்க தீப் பிடிச்சிருக்கு?’

‘இப்ப இல்ல ஆச்சி. பிடிச்சா.’

‘பிடிக்காத தீயில ஊத்தவா இந்த வெயில்ல கொடத்த இடுப்புல வச்சிச் சொமந்து வந்தேன்? ஒங்க வெள்ளக்காரன எங்க உப்பளத்துக்கு வந்து ஒரு நாள் நிக்கச் சொல்லு. அவனுக்கே தண்ணியோட அருமை தெரியும்.’

இது கற்பனைதான். ஆனால் ஆச்சியின் கேள்விக்கு எந்தக் கையேட்டிலும் பதில் கிடையாது. போதாக்குறைக்கு எங்கள் வட்டாரத்துக் குலத்தொழிலே தீ. இந்தப் பக்கம் கோவில்பட்டியில் தீப்பெட்டி, அந்தப் பக்கம் சாத்தூர், சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்த வித்தை அது. தீயை ஐம்பது ஐம்பது குச்சியாக டப்பாவில் அடைத்து இந்தியா முழுக்க விற்கிறவர்களிடம் வந்து, தீயை எப்படி நடத்துவது என்று லண்டன் பாடம் எடுப்பதா?

வார்டன்கள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தீ தரையில் பிடித்தது. 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’. ஆகஸ்ட் 26 ராத்திரி கோயம்புத்தூர்ப் பக்கம் சூலூர் விமானதளத்தைக் கொளுத்திவிட்டார்கள். ஜப்பான் விமானத்தைத் தடுக்க வெள்ளைக்காரன் கட்டிய தளம், லாரிகளோடு எரிந்தது. ஜப்பான்காரன் தலையால் தண்ணீர் குடித்தாலும் செய்திருக்க முடியாத வேலையைச் சுற்றுவட்டார ஆட்கள் ஒரே ராத்திரியில் முடித்தார்கள். கூடவே கள்ளுக்கடைகளும் எரிந்தன; காந்திக்கும் ஒரு பங்கு வேண்டுமே. எங்கள் பக்கம் அடுத்த மாதம் குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் கலகம். அதிகாரி லோன் கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதித்து, பிற்பாடு ராஜாஜி போன்றவர்கள் வாதாடி உயிர் தப்பியது தனிப் பெரும் கதை. இங்கே சொல்ல வந்தது இதுதான்: சர்க்கார் வாங்கி வைத்த வாளியெல்லாம் கிழக்கே பார்த்து அடுக்கியிருந்தது.

1943 அக்டோபரில் சென்னைக்கு நிஜமாகவே ஒரு ஜப்பான் விமானம் வந்தது. ஒற்றை விமானம். துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போயிற்று. பெரிய சேதமில்லை. பத்திரிகைகளும் வாயைத் திறக்கவில்லை. அது வந்த நேரத்தைப் பாருங்கள்: அந்த மாதம்தான் பேய்மழை கொட்டிக் கூவம் உடைந்து ஊரே வெள்ளத்தில் கிடந்தது. இரண்டு வருஷமாக வாளி வாளியாகத் தண்ணீர் நிரப்பி வைத்துக் காத்திருந்தவர்களுக்கு, குண்டு வந்த மாதத்தில் பிரச்சினையே தண்ணீர்தான்.

இதுவரை சிரித்தோம். கடைசிக் கதையில் அவ்வளவு சிரிக்க முடியாது.

பம்பாய், 1944. ஃபோர்ட் ஸ்டைகின் என்ற சரக்குக் கப்பல் இங்கிலாந்திலிருந்து கராச்சி வழியாக வந்து ஏப்ரல் 12ஆம் தேதி விக்டோரியா டாக்கில் கட்டியது. வயிற்றில் சுமார் 1,400 டன் வெடிமருந்து. பெட்டி பெட்டியாகத் தங்கக் கட்டி. இவ்வளவும் போதாதென்று கராச்சியில் 8,700 பேல் பஞ்சும், பீப்பாய் பீப்பாயாக எண்ணெயும், மரமும், மீன் உரமும் ஏற்றினார்கள். பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்காதே என்று நம்மூரில் கல்யாணமாகாத பிள்ளைகளுக்குச் சொல்கிற புத்தியைக் கப்பல் கம்பெனிக்குச் சொல்ல ஒரு பெரிசும் இல்லை. வெடிமருந்து இருந்தால் ஏற்ற வேண்டிய சிவப்புக் கொடியும் ஏற்றவில்லை.

14ஆம் தேதி மதியம் இரண்டு மணி வாக்கில் கப்பலிலிருந்து புகை. பம்பாய் தீயணைப்புப் படை வந்தது. பஞ்சாலைத் தூத்துக்குடிக்காரனுக்குப் பஞ்சுத் தீயின் குணம் தெரியும். இறுக்கிக் கட்டிய பேலுக்குள் அது கனிந்துகொண்டே இருக்கும். வெளியே அணைந்த பாவனை காட்டி உள்ளே நாள்கணக்கில் நடக்கும். 900 டன் தண்ணீருக்கு மேல் உள்ளே பாய்ச்சினார்கள். தண்ணீர் ஏற ஏற எரிகிற பஞ்சு மிதந்து மேலே போயிற்று. மேலே இருந்தது வெடிமருந்து. கப்பலின் பக்கத் தகடு பழுத்துப் பெயின்ட் கொப்பளித்தது. கப்பலை வெளியே இழுத்துக்கொண்டு போவதா, அங்கேயே மூழ்கடிப்பதா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஃபயர்காரர்கள் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பேசுகிறவர்கள் முடிவுக்கு வரும்வரை நிற்பது அவர்கள் வேலை.

4.06க்கு வெடித்தது. அரை மணி கழித்து மறுபடி, இன்னும் பெரிதாக. ஜலபத்மா என்ற 4,000 டன் கப்பல் தண்ணீரிலிருந்து எழும்பிக் கரைமேல் போய் உட்கார்ந்தது. சிம்லாவில் பூகம்பமானி ஆடியது. ஒரு மைல் தூரத்தில் ஒரு வீட்டுக் கூரையைத் துளைத்துக்கொண்டு தங்கக் கட்டி விழுந்தது. சாமி கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுப்பார் என்பது அந்த ஒரு வீட்டில் எழுத்துக்கு எழுத்து நடந்தது. நூற்றுக்கணக்கானவர் செத்தார்கள். அவர்களில் தீயணைப்புப் படையினர் 66 பேர்.

எந்த எதிரியும் குண்டு போடவில்லை. யுத்த காலம் முழுக்க ஆகாயத்தைப் பார்க்கச் சொல்லிப் பழக்கியவர்களின் சொந்தக் கப்பல், சொந்த டாக், சொந்த வெடிமருந்து. சர்க்கார் உடனே ஒரு அவசர நடவடிக்கை எடுத்தது: செய்தியை அணைத்தது. ஜப்பான் பிடியிலிருந்த சைகோன் ரேடியோ மறுநாளே சொல்லிவிட்டது. இந்தியப் பத்திரிகைகள் எழுத அனுமதி கிடைத்தது மே மாதம். செய்தியை அணைப்பதற்கு மட்டும் என்றைக்குமே மூன்றாவது ஆள் கிடைக்காமல் போனதில்லை.

சிதறிய தங்கத்தைக் கடலடியில் துழாவித் துழாவி எடுத்தார்கள். எடை போட்டுக் கணக்கு வைத்தார்கள். 66 பேருக்காக ஏப்ரல் 14ஆம் தேதி தேசியத் தீத்தொண்டு நாள் ஆயிற்று. அன்று தொடங்கி ஒரு வாரம் தீத்தொண்டு வாரம். தமிழ்நாட்டுத் தீயணைப்பு நிலையங்களிலும் அன்று காலை செத்தவர்களுக்கு மலர்வளையம் வைத்து மௌனமாக நிற்கிறார்கள். ஊருக்கு அது தெரியாது. ஏனென்றால் அன்றைக்கு நமக்குச் சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடியும் டி.வி.யில் பட்டிமன்றமும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகையால் அடுத்த வருஷப் பிறப்புக்கு ஒரு காரியம் செய்யுங்கள், அண்ணாச்சி. பாயசத்தை ஒரு தூக்குச்சட்டியில் ஊற்றி எடுத்துக்கொண்டு உங்களூர் ஃபயர் ஸ்டேஷனுக்கு ஒரு நடை போய்வாருங்கள். அங்கே ஆள் இல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கேயாவது கிணற்றில் மாடு விழுந்திருக்கும்.